ஸ்டவுட் பிரவுனியும் மலை பார்லியும்

இந்த சீசனில் குன்னூர் வந்துவிட்டுப் போன நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இங்க ஒரு கஃபேல ஸ்டவுட் பீர் ஊத்தின சாக்லேட் பிரவுனி சாப்பிட்டோம். நீலகிரி ஸ்பெஷல்னு சொன்னாங்க. நிஜமா?"

பாதி நிஜம். ஆனால் அந்தப் பாதி எதுன்னு விற்கிறவருக்கும் தெரியறதில்லை, சாப்பிடுறவருக்கும் தெரியறதில்லை. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு உட்கார்ந்தேன். கூடவே, பீர் பாட்டிலை அடுப்பங்கரைக்குள்ள கொண்டு வரலாமா கூடாதான்னு எங்க ஊர் மகளிர் குழுவில் போன வருஷம் நடந்த ஒரு பஞ்சாயத்தையும் சொல்லணும். அதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. மறைக்கப் போறதில்லை.

முதலில் அந்தத் துண்டுக்குள் என்ன இருக்குன்னு பார்ப்போம்.

மைதா, சர்க்கரை ரெண்டும் மேட்டுப்பாளையம் வழியா லாரியில் மலையேறி வருது. சாக்லேட்? ஊரெல்லாம் "ஊட்டி சாக்லேட்" என்று சொல்கிறதே, அதுக்கான கொக்கோ மரம் ஊட்டியில் ஒண்ணுகூட வளராது. கொக்கோ வெக்கையும் ஈரமும் நிழலும் கேட்கிற மரம். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தென்னந்தோப்புக்குள்ளே ஊடுபயிரா நிக்கும். இடுக்கியில் நிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில், மார்கழியில் உறைபனி விழுகிற ஊரில் நிக்காது.

அப்புறம் எப்படி ஊட்டி சாக்லேட்னு பேர் வந்தது? குளிர்தான். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி சுற்றி உருகிடும். கோயம்புத்தூர் வெயிலில் சாக்லேட் செய்யணும்னா ஏசி ரூம் வேணும், ஃபிரிட்ஜ் வேணும். இங்கே உருக்கி அச்சில் ஊற்றி மேசையில் வைத்தாலே இறுகிடும். பெரிய மெஷின் எதுவும் இல்லாம வீட்டுக்கு வீடு செய்ய முடிஞ்சது அதனால்தான். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. கடைகளில் கிலோ கணக்கில் அடுக்கி வைத்திருப்பதில் நிறைய, கொக்கோ வெண்ணெய் சாக்லேட்டே இல்லை. அதுக்குப் பதிலா டால்டா மாதிரி இறுக்கின தாவரக் கொழுப்பு சேர்த்த "காம்பவுண்ட்" கட்டி. வெளியூரிலிருந்து கட்டியா வரும், இங்கே உருக்கி முந்திரி தூவுவாங்க. லேபிளில் அப்படியே எழுதியிருந்தா அது தப்பில்லை. வாங்குறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, அவ்வளவுதான்.

ஸ்டவுட் பாட்டிலும் வெளியூர்தான். ஆக, அந்தத் துண்டில் உள்ளூர்னு சொல்ல முட்டை இருக்கு, சில சமயம் வெண்ணெய் இருக்கு.

அப்போ நிஜமான பாதி எது? பீர்தான். இந்த மலை ஒரு காலத்தில் பீர் மலை.

குன்னூரிலிருந்து ஊட்டி போற வழியில் அருவங்காடு. இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா வெடிமருந்துத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். அது 1900-களின் தொடக்கத்தில் வந்தது. அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே, 1857-ல், சாமுவேல் ஹனிவெல் என்கிற வெள்ளைக்காரர் அருவங்காட்டில் காஸில் ப்ரூவரி என்ற பீர் ஆலையைத் தொடங்கியிருக்கிறார். காரணம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஜெகதளா பக்கம் பட்டாளத்துக்குப் பெரிய பாரக்ஸ் எழும்பிக்கிட்டிருந்த காலம் அது. அந்த இடத்துக்குத்தான் பிற்பாடு வெலிங்டன் என்று பேர் வைத்தார்கள். வெள்ளைக்கார சிப்பாய்க்கு பீர் வேணும். சீமையிலிருந்து கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலையேறி வருவதை விட இங்கேயே காய்ச்சுவது லாபம். நல்ல தண்ணி இருக்கு. ஐஸ் மெஷின் இல்லாத காலத்தில் பீர் பதமா நொதிக்கத் தேவையான குளிர்ச்சி சும்மாவே கிடைக்குது.

1915-ல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவில் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். அந்த ஐந்தில் காஸில் ப்ரூவரியும் ஒண்ணு, நீல்கிரிஸ் ப்ரூவரியும் ஒண்ணு. இன்னைக்கு நாடு முழுக்க கிங்ஃபிஷர் விற்கிற கம்பெனிக்கு ஒரு வேர் எங்க மலையில் இருக்கு. பெங்களூருக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம்.

பீருக்கு மூலப்பொருள் பார்லி. தமிழில் வாற்கோதுமை. உங்களுக்கு அது நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் பாட்டி வைத்துக் கொடுத்த கஞ்சி. எங்களுக்கு அது பயிர். நாங்க படகர். ராகி, சாமை, கோதுமை, பார்லி எல்லாம் இந்தச் சரிவுகளில் எங்க முன்னோர் போட்டதுதான். தேயிலை அப்போ பெரிய எஸ்டேட்காரங்க பயிர். சின்ன விவசாயியின் அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்குள் தேயிலை பரவலா நுழைஞ்சது சுதந்திரத்துக்கு அப்புறம்தான். 1960-களில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வர ஆரம்பிச்சது. கொழுந்தைக் கொண்டு போய்ப் போட ஒரு இடம் கிடைச்சது. தானிய வயல் ஒண்ணொண்ணா பச்சையா மாறிப்போச்சு.

எங்க ஹெத்தெ (படகு பாஷையில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்லியை இரும்புச் சட்டியில் கருக்க வறுப்பாங்க. வீடே மணக்கும். "கருகிப் போச்சே"ன்னு நாங்க கத்தினா, "இது கருகல் இல்லடா, நிறம்"னு சொல்வாங்க. அதை அரைச்சு, வெல்லம் போட்டு, சுடுதண்ணியில் கரைச்சுக் கொடுத்தா, அடிநாக்கில் ஒரு கசப்பும் நுனிநாக்கில் ஒரு இனிப்புமா நிக்கும்.

அந்த "நிறம்"தான் ஸ்டவுட்டின் மொத்த ரகசியமும்.

ஸ்டவுட் என்பது கருப்பு பீர். லண்டனில் மூட்டை தூக்கிறவங்க குடிச்ச போர்ட்டர் என்கிற பீரிலிருந்து, "இன்னும் கெட்டியானது" என்ற அர்த்தத்தில் வந்த பேர். 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி உருளையில் போட்டு முளைகட்டின பார்லியை வறுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கு அப்புறம்தான் பீர் இவ்வளவு கருப்பாச்சு. கொஞ்சம் கருப்பு தானியம் போட்டாலே ஒரு அண்டா பீர் மொத்தமும் கருத்துப்போகும். ஸ்டவுட் குடிக்கிறவங்க "காப்பி வாசம் வருது, சாக்லேட் வாசம் வருது"ன்னு சொல்வாங்க. அதில் காப்பியும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. வறுபட்ட பார்லிதான் அப்படி மணக்குது.

கொக்கோக் கொட்டையை வறுக்கிறோம், காப்பிக்கொட்டையை வறுக்கிறோம், பார்லியை வறுக்கிறோம். மூணிலும் ஒரே வேலைதான் நடக்குது. சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்குது. அதனால்தான் மூணும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க மாதிரி ஒட்டிக்கும். சாக்லேட் கேக்கில் ஒரு ஸ்பூன் காப்பி டிகாக்‌ஷன் விட்டா சாக்லேட் ருசி தூக்கலா வரும்னு பேக்கரிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஸ்டவுட் ஊற்றுவதும் அதே வித்தைதான். அதாவது, ஸ்டவுட் பிரவுனியில் நீங்க ரசிச்சது வறுத்த தானியத்தை. சாராயத்துக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

இப்போ பஞ்சாயத்துக்கு வர்றேன்.

எங்க ஊர் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பேக்கிங் யூனிட் நடத்துறாங்க. வர்க்கி, தேங்காய் பன், பிறந்தநாள் கேக். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சதிலிருந்து கேட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஆறு பேரில் கை ருசி உள்ளவங்க ஒரு அக்கா. இலங்கையிலிருந்து வந்த குடும்பம். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவங்களில் அவங்க அம்மாவும் ஒருத்தர். நுவரெலியா பக்கம் தோட்டத்தில் பிறந்து, இங்கே தோட்டத்தில் கொழுந்து எடுத்து, இங்கேயே மண்ணுக்குப் போனவங்க.

நுவரெலியான்னு சொன்னதும் ஒரு விஷயம். அங்கேயும் இதே கதைதான். தேயிலை மலை, வெள்ளைக்காரன், குளிர், தண்ணி, அப்புறம் பீர் ஆலை. 1881-ல் தொடங்கினது. இன்னைக்கு வெளிநாடுகளில் பேர் வாங்கியிருக்கிற லயன் ஸ்டவுட் அந்தக் கம்பெனியின் சரக்குதான். ஆலை மட்டும் 1990-களின் கடைசியில் மலையிறங்கி கொழும்பு பக்கம் பியகமவுக்குப் போயிடுச்சு. ஊர் மாறினாலும் கொழுந்து எடுக்கிற கையும் ஒண்ணு, லைன் வீடும் ஒண்ணு. சம்பளத்தன்னைக்குச் சாயங்காலம் ஆம்பளை வீடு வந்து சேர்ற நேரமும் ஒண்ணு.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் குடியில்தான் போனார். நாற்பத்தி ஒண்ணு வயசு. ஈரல் போச்சு.

போன வருஷம் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆர்டர் வந்தது. வாரம் பத்து ட்ரே ஸ்டவுட் பிரவுனி. ட்ரேக்கு 900 ரூபாய். பாட்டில் அவங்களே கொடுத்துடுவாங்க. வாரம் 9,000 ரூபாய் என்பது உங்களுக்கு ஒரு குடும்பம் வெளியே சாப்பிட்டு வர்ற காசா இருக்கலாம். எங்க கணக்கில், பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய்ன்னு வச்சுக்கிட்டா, 450 கிலோ கொழுந்து. நல்ல சீசனில் ஒரு ஆள் நாளெல்லாம் குனிஞ்சு எடுத்தாலும் இருபது, முப்பது கிலோ. 2023-ல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு எங்க சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. அதுதான் எங்க நிலைமை. 9,000 ரூபாயை வேண்டாம்னு சொல்றது இங்கே சின்ன விஷயம் இல்லை.

அக்கா வேண்டாம்னு சொன்னாங்க. "அந்த வாசம் என் அடுப்புல ஏற வேணாம்ணா. இருபது வருஷம் அந்த வாசத்தோட படுத்து எந்திரிச்சேன். போதும்."

குழுவில் சின்னப் பொண்ணு ஒருத்தி, ரெண்டு பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைக்கிறவ, எழுந்து கேட்டா: "அக்கா, நாம யாரையும் குடிக்கச் சொல்லலையே. கேக்குக்குத்தானே ஊத்தறோம்? அடுப்புல வச்சா எல்லாம் ஆவியாப் போயிடும். நம்ம புள்ளைங்க ஃபீஸை யார் கட்டுறது?"

ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. குழுவுக்கு மாவு, வெண்ணெய் ஏத்திட்டு வந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்கிற முறையில் என்னையும் கேட்டாங்க. நான் அக்கா பக்கம் நின்னேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல, "எல்லாம் ஆவியாப் போயிடும்" என்பது சரியில்லை. அமெரிக்க வேளாண் துறை இதுக்கு ஒரு அட்டவணையே போட்டிருக்கு. மதுவைக் கலந்து அரை மணி நேரம் வேகவிட்டா 35 சதவீத ஆல்கஹால் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம். ரெண்டரை மணி நேரம் வெந்தாலும் 5 சதவீதம் நிக்கும். பிரவுனி ஓவனில் இருக்கிறதே இருபத்தைந்து, முப்பது நிமிஷம்தான். அப்போ மூணில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். அதுக்காகப் பயமுறுத்த மாட்டேன். ஒரு ட்ரேக்கு 100 மில்லி பீர், அதில் 5 சதவீதம் ஆல்கஹால்னா 5 மில்லி. அதில் மூணில் ஒண்ணு, பதினாறு துண்டுக்குப் பிரிச்சா, துண்டுக்கு ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. யாருக்கும் போதை ஏறாது.

ஆனால் விஷயம் போதை மட்டும் இல்லை. மார்க்கத்துக்காக மதுவைத் தொடாதவர் இருக்கார். குடியை விடறதுக்கு மாத்திரை சாப்பிடுறவர் இருக்கார். எந்த வடிவத்திலும் மது கூடாதுன்னு டாக்டர் அவருக்குச் சொல்லியிருப்பார். விட்டு ஆறு மாசம் ஆகி, அந்த வாசம் மூக்கில் ஏறினாலே கை நடுங்கிறவர் இருக்கார். முட்டை போட்ட கேக் பாக்கெட்டில் அசைவக் குறி போடுறோம். சாப்பிடாதவங்க மனசுக்கு மதிப்புக் கொடுக்கிறோம். பீர் ஊற்றின கேக்கில் "இதில் பீர் இருக்கு"ன்னு ஒரு வரி, தமிழில், பெரிய எழுத்தில் போடறதுக்கு ஏன் தயங்கணும்? ஸ்டவுட் பிரவுனி விற்கிற எல்லாருக்கும் நான் வைக்கிற முதல் கோரிக்கை அதுதான். விருப்பப்பட்டுச் சாப்பிடுறவர் தாராளமா சாப்பிடட்டும். எனக்கு அதில் சண்டை இல்லை.

ரெண்டாவது, வேலை செய்றவங்க மனசு. ஒரு பொருளில் என்ன சேர்க்கணும்னு முடிவு பண்ணும்போது வாங்குறவர் நாக்கை மட்டும் கேட்கிறோம். அதைக் கையில் தொட்டு, அளந்து, சுண்டக் காய்ச்சி, அந்த ஆவியில் நிக்கிறவங்களைக் கேட்கிறதில்லை. சாப்பிட வர்றவர் பதினைந்து நிமிஷத்தில் பில் கட்டிட்டுப் போயிடுவார். அக்கா அந்தப் பாத்திரத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போகணும்.

மூணாவது காரணம் எங்க ஹெத்தெயின் இரும்புச் சட்டி. ருசி வறுத்த பார்லியில் இருக்குன்னா, பார்லியையே வறுக்கலாமே? ஜப்பானில் வறுத்த பார்லியை டீ மாதிரி வடிச்சு வெயில் காலத்தில் ஜில்லுன்னு குடிக்கிறாங்க. கொரியாவிலும் அப்படித்தான். இத்தாலியில் காப்பிக்குப் பதிலா பார்லி காப்பி போடுறாங்க. நாம மட்டும் அதைப் பாட்டிலில் அடைச்சு, நொதிக்க வச்சு, வரி கட்டி வாங்கித்தான் கேக்கில் ஊத்தணுமா?

அக்காவும் நானும் செய்து பார்த்தோம். நாலாவது தடவையில் பதம் வந்தது. செய்முறை இதோ. எட்டு அங்குல சதுர ட்ரே, பதினாறு துண்டு.

நூறு கிராம் பார்லியை இரும்புச் சட்டியில் சிறுதீயில் கை விடாமல் வறுக்கணும். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். காப்பிக்கொட்டை நிறம் வந்து லேசாகப் புகைய ஆரம்பிக்கும்போது இறக்கிடுங்க. அதைத் தாண்டினா கரி. ஆறவிட்டு உரலில் ஒண்ணும் பாதியுமா இடிங்க. அரை லிட்டர் கொதிக்கிற தண்ணியை ஊற்றி மூடி அரை மணி நேரம் வைங்க. அடுப்பில் போட்டு வேகவிடாதீங்க, கஞ்சியாயிடும். துணியில் வடிகட்டி, வந்த டிகாக்‌ஷனில் ஒரு ஸ்பூன் கருப்பட்டி போட்டு, 80 மில்லியாகும் வரை சுண்ட வைங்க. சக்கை கோழிக்கு.

150 கிராம் டார்க் சாக்லேட் (லேபிளைப் பார்த்து, கொக்கோ வெண்ணெய் உள்ளதா வாங்குங்க), 120 கிராம் வெண்ணெய் ரெண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்க. 160 கிராம் சர்க்கரையும் மூணு முட்டையும் நுரைக்க அடித்து அதில் சேருங்க. பார்லி டிகாக்‌ஷனை ஊற்றுங்க. 90 கிராம் மைதா, 40 கிராம் கொக்கோ பவுடர், இரண்டு சிட்டிகை உப்பு சலித்துப் போட்டு, ரொம்பக் கலக்காமல் மடிச்சுவிடுங்க. 180 டிகிரியில் சுமார் 25 நிமிஷம். ஓரம் இறுகி, நடுவில் லேசா ஆடணும். குச்சி விட்டா ஈரத் துகள் ஒட்டணும். ஆறவச்சு மறுநாள் வெட்டினா ருசி கூடும்.

உயரத்துக்கு ஒரு குறிப்பு. ஊட்டியில் தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். காற்றழுத்தம் குறைவு. மாவு சீக்கிரம் பொங்கி, சீக்கிரம் அமுங்கும். ஈரமும் சீக்கிரம் போகும். அதனால் பேக்கிங் பவுடர் போடறதில்லை, சர்க்கரையும் குறைச்சிருக்கோம். சென்னையில் செய்றவங்க 170 டிகிரி வச்சுக்கோங்க, சர்க்கரை இன்னும் ரெண்டு ஸ்பூன் போடலாம்.

ஸ்டவுட்தான் வேணும் என்கிறவங்க, 330 மில்லி பாட்டிலைச் சிறுதீயில் 80 மில்லியாகச் சுண்டக் காய்ச்சிச் சேருங்க. ஆல்கஹாலும் பெரும்பகுதி போயிடும், ருசியும் கெட்டியாகும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ சேர்த்த பீர் என்பதால் கசப்பும் கூடவே கெட்டியாகும். கசப்பு கம்மியான ஸ்டவுட்டாப் பார்த்து வாங்கணும். அந்தப் பாட்டிலை மட்டும் தேயிலைக் காட்டில் எறிஞ்சுட்டுப் போயிடாதீங்க. உடைஞ்ச கண்ணாடி யானைக் காலைக் கிழிக்குது, எங்க காலையும் கிழிக்குது. 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்லி, மலையில் வாங்கின டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய் தர்ற திட்டம் முதலில் நீலகிரியில்தான் வந்தது.

ரிசார்ட் என்ன சொல்லுச்சுன்னு கேட்பீங்க. சாப்பிட்டுப் பார்த்தாங்க. ருசியில் குறை சொல்லலை. "ஸ்டவுட்னு பேர் போட்டாத்தான் போகும், பார்லின்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்"னு சொல்லிட்டாங்க. ஸ்டவுட் இல்லாததுக்கு ஸ்டவுட்னு பேர் வைக்க அக்கா ஒத்துக்கலை. நானும் ஒத்துக்க மாட்டேன். ஆர்டர் டவுனில் வேற ஒருத்தருக்குப் போச்சு. அந்தச் சின்னப் பொண்ணு ரெண்டு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அவ கோபத்தில் தப்பில்லை. அவ பிள்ளைகளுக்கு நான் ஃபீஸ் கட்டப் போறதில்லையே. இப்போ குழு சனி, ஞாயிறில் "பார்லி பிரவுனி"ன்னு பேர் போட்டு ரோட்டோரக் கடையில் வைக்குது. வாரம் ரெண்டு ட்ரே, மூணு ட்ரே போகுது. பத்து எங்கே, மூணு எங்கே.

பார்லியும் இப்போதைக்குப் பாதிதான் நம்மளுது. இந்த வருஷம் தேயிலை பட்டுப்போன ஒரு மூலையில் பத்து சென்ட் போட்டுப் பார்த்தேன். உமி போக முப்பத்தைந்து கிலோ தேறினது. ட்ரேக்கு நூறு கிராம்னா 350 ட்ரேக்கு ஆகும். கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உடனே தேயிலையைப் பிடுங்கிட்டு பார்லி போடுங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். தேயிலை இவ்வளவு தூரம் பரவினதுக்கு விலை மட்டும் காரணமில்லை. காட்டெருமை அதைத் தின்னாது, பன்றி தோண்டாது. பார்லிக் கதிர் பால் பிடிச்ச அன்னைக்கே எல்லாருக்கும் சேதி போயிடும். ராத்திரி பத்து நாள் காவல் இருந்துதான் அந்த முப்பத்தைந்து கிலோவைக் காப்பாத்தினேன். கோதுமைக்கு வர்ற துரு நோய் மாதிரி பார்லிக்கும் மலையில் துரு வரும். வெலிங்டனில் மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் பல வருஷமா அந்தத் துருவோடுதான் மல்லுக்கட்டுது. நோய் தாங்குற விதை கேட்டு அங்கே போகணும்.

ஒரு ஊரில் நாலு பேர், ஆளுக்குப் பத்து சென்ட், ஒரே வளைவில் சேர்த்துப் போட்டா காவலும் பகிர்ந்துக்கலாம். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஒரே பயிரை நம்பி, ஒவ்வொரு மாசமும் விலை அறிவிப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுறவனுக்கு, தன் நிலத்தில் தன் பாட்டியின் தானியம் ஒரு மூலையிலாவது நிக்கிறது ஒரு தைரியம்.

அதுக்கு நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அடுத்த தடவை மலைக்கு வரும்போது, "நீலகிரி ஸ்பெஷல்"னு எதை நீட்டினாலும், இதில் எது இந்த மண்ணில் விளைஞ்சதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா கடைக்காரர் யோசிப்பார். நாற்பது பேர் கேட்டா எங்ககிட்ட வந்து பார்லி இருக்கான்னு கேட்பார். அன்னைக்கு அந்தச் சின்னப் பொண்ணுக்கும் பத்து ட்ரே ஆர்டர் திரும்பி வரும், அக்கா அடுப்பிலும் வேண்டாத வாசம் ஏறாது.